ஸ்மார்ட் கோலைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், என்ன நிபந்தனை போடலாம்?

வெள்ளைக்கோல் | திங்கள், இரவு 9.12

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன், பார்வை இல்லை. ஒரு சின்ன நிறுவனம் (பெயர் வேண்டாம், இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள்) ஸ்மார்ட் கோல் ஒன்று செய்திருக்கிறது. கைப்பிடிக்குள் மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) உணரி, பேட்டரி, புளூடூத் எல்லாம் உண்டு. சாதாரணக் கோல் தரையைத்தான் பார்க்கும். இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது நெற்றியில் இடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். அதை முன்கூட்டியே பிடித்துக் கைப்பிடியை அதிர வைப்பதுதான் இதன் வேலை. யோசனையில் தப்பே இல்லை. லாரியின் பின்கதவிலோ கடை முன்னால் தாழ்வாகக் கட்டிய கூடாரக் கம்பியிலோ அடிபடாதவர் எங்கள் கூட்டத்தில் யாரும் இல்லை.

முதல் சோதனை ஓட்டல் மண்டபத்தில். கம்பளம் விரித்த தரை, ஏர்கான், நடுவில் அங்கங்கே அட்டைப் பெட்டிகள். பிரமாதமாக வேலை செய்தது. வெளியே கொண்டுபோக வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கம் அஞ்சடியில் (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) இறங்கியதும் கதை மாறிவிட்டது. ஒரு பக்கம் தூண், மறுபக்கம் கடைச் சாமான், மேலே தொங்கும் மாலை, நடுவில் யாரோ ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள், எதிரே வரும் ஆட்கள். மீயொலி நேர்கோட்டில் போவதில்லை, கூம்பாக விரிந்து போகிறது. அதனால் நான் இடிக்கவே போகாத தூணுக்கும் அதிர்கிறது. வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்துக் குரைக்கும் நாயைக் காவலுக்கு வைத்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் கை அதைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டது.

இன்னொன்றும் உண்டு, அதை எழுத அவர்கள் கொடுத்த கருத்துப் படிவத்தில் இடமே இல்லை. எனக்குச் சேதி சொல்வது கோலின் நுனி. கீழே இருப்பது சிமெண்டா, மார்பிளா, கால்வாய் மூடியா என்பது நுனியில் தொடங்கித் தண்டு வழியாக விரலுக்கு வரும். கைப்பிடி கனத்தால் அந்தச் சேதி மங்கிவிடுகிறது. எங்கள் வட்டாரத்தில் மஞ்சள் வழிகாட்டி ஓடு பதித்திருக்கிறார்கள். நீளக் கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் கவனி. என் பழைய கோல் இரண்டையும் சட்டென்று பிரித்துச் சொல்லும். இந்தப் புதுக்கோலில் நான் நின்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது அடுத்த கட்டச் சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். மதியச் சாப்பாடு, டீசட்டை, சான்றிதழ். போகலாமா? போனால் என்ன கேட்கலாம்? சக்கரநாற்காலி, செயற்கைக் கால், காது மெஷின், எதைச் சோதித்த அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.

சும்மா_பார்ப்பவன் | திங்கள், இரவு 9.40

இலவசமாகக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே அண்ணே. யாரோ நாலு பேர் நல்லது செய்ய வந்தால் அதிலும் குற்றம் கண்டுபிடித்தால் அடுத்த முறை யார் வருவார்கள்?

செந்தூல்_சக்கரம் | திங்கள், இரவு 10.25

இலவசம் என்றதும் கை பரபரக்கிறது, எழுதிவிடுகிறேன்.

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவள் நான். என் முதல் சக்கரநாற்காலி ஒரு விழாவில் கிடைத்தது. மேடை, மாலை, போட்டோ. ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்த ரகம். எனக்கு அகலம் அதிகம். இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு உட்கார்ந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், சாய்ந்த பக்கத்து எலும்பில் பாரம் ஏறும், அங்கே புண் வரும். உணர்ச்சி இல்லாத இடத்தில் வரும் புண் எவ்வளவு மோசம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தோல் சிவந்ததுகூட நமக்குத் தெரியாது, கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த இலவசம் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலைத்தான் கொடுத்தது.

பிறகு ஒரு விற்பனையாளர் புது மாடல் ஒன்றைச் சோதிக்கக் கொடுத்தார். கடைக்குள் மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார். வழவழப்பான ஓடு, எது ஓட்டினாலும் ஓடும். "வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் சொல்வேன்" என்றேன், முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். செந்தூலில் எங்கள் வீட்டுக்கு வெளியே கால்வாய்க்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருக்கிறது. கம்பிகளின் இடைவெளி நான் போகும் திசையிலேயே நீளமாக இருக்கிறது. முன்சக்கரம் சின்னதாகவும் ஒல்லியாகவும் இருந்ததால் நேராக அதற்குள் இறங்கிவிட்டது. வண்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. நல்லவேளை, எதிர்வீட்டு அங்கிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் தெரியாத இன்னொரு விஷயம், கையால் தள்ளும் வளையம். அலுமினியம். மதியம் வெளியே நிறுத்தினால் தொட முடியாத சூடு, சாயங்காலம் மழை பெய்தால் வழுக்கும். சரிவில் இறங்கும்போது அந்த வளையம்தான் எனக்குப் பிரேக். நனைந்த வளையத்தை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அதனால் வெள்ளைக்கோல் அண்ணே, என் ஓட்டு இது: வீட்டுக்குக் கொடுக்காவிட்டால் போகாதீர்கள்.

தெரபிஸ்ட்_பிஜே | செவ்வாய், காலை 7.50

தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். சக்கரம் அக்கா சொன்னதற்கு ஒரு பழைய ஆய்வு ஒத்துப்போகிறது. 1993இல் அமெரிக்காவில் ஃபிலிப்ஸ், ஜாவ் என்ற இருவர் 227 பேரிடம் விசாரித்தார்கள். வாங்கிய உதவிச் சாதனங்களில் 29.3 விழுக்காடு மூலையில் போடப்பட்டிருந்தன. எதனால் கைவிட்டார்கள் என்று பார்த்தால் நாலு காரணம் வந்தது. சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பயனர் சொன்னதைக் காதில் வாங்காதது, சாதனம் சரியாக வேலை செய்யாதது, பயனரின் தேவை மாறிப்போனது. இந்த மூன்றும் எதிர்பார்த்தவைதான். நாலாவதுதான் யோசிக்க வைக்கிறது: சாதனம் சுலபமாகக் கைக்கு வந்துவிடுவது. யோசிக்காமல், அளக்காமல், கேட்காமல் கொடுத்துவிடுவது அதிலேதான் அடங்குகிறது.

இலவசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி 250 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு உதவிச் சாதனம் தேவைப்படுகிறது, மூக்குக்கண்ணாடியும் அதில் சேர்த்தி. சில ஏழை நாடுகளில் தேவைப்படுகிறவர்களில் 3 விழுக்காட்டினருக்குத்தான் கிடைக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும். அளவெடுத்துக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

பொறியாளன்_ரவாங் | செவ்வாய், மதியம் 1.05

வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், கோபப்படாதீர்கள். சக்கரநாற்காலியை யாரும் சோதிக்காமல் விற்பதில்லை. ஐஎஸ்ஓ 7176 என்று ஒரு பன்னாட்டுத் தரநிலைத் தொகுப்பே இருக்கிறது. அதன் 8ஆம் பகுதியில் மனித எடையுள்ள பொம்மையை உட்காரவைத்து, மேடு வைத்த உருளைகள் மேல் 2 லட்சம் சுற்று ஓட்டுவார்கள். அப்புறம் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 தடவை கீழே போடுவார்கள். வண்டியின் சட்டகம் விரிசல் விடக் கூடாது, சக்கரம் கழலக் கூடாது. இந்தச் சோதனை இல்லாவிட்டால் நடுரோட்டில் அச்சு முறியும். ஆய்வகம் என்றாலே ஏளனம் செய்வது சரியில்லை.

செந்தூல்_சக்கரம் | செவ்வாய், மதியம் 1.32

ஏளனம் இல்லை தம்பி. அச்சு முறியாமல் இருப்பதற்கு அந்தப் பொம்மைக்கு நன்றி. ஆனால் பொம்மைக்கு வியர்க்காது, புண் வராது. வண்டியை மடித்து மைவி காரின் பின்சீட்டில் திணிக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. எனக்கு உண்டு, அதுவும் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால். பின்சக்கரம் பட்டனை அழுத்தினால் கழலும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். பட்டனுக்குள் தூசி சேர்ந்த பிறகு கழலுமா என்று யாரும் போடுவதில்லை.

பொறியாளன்_ரவாங் | செவ்வாய், மதியம் 1.50

அந்தத் தூசி விஷயத்தைக் குறித்துக்கொண்டேன் அக்கா. உண்மையிலேயே.

நீங்கள் சொன்ன முன்சக்கரத்துக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ரால்ஃப் ஹாட்ச்கிஸ், அமெரிக்கப் பொறியாளர், தானே சக்கரநாற்காலியில் இருந்தவர். 1980இல் நிகராகுவா போனபோது அங்கே பல பேர் ஒரே வண்டியை மாறி மாறிப் பயன்படுத்துவதைப் பார்த்தார். இறக்குமதியான வண்டிகள் அந்த ரோட்டுக்குத் தாங்கவில்லை, உடைந்தால் பாகமும் கிடைக்கவில்லை. அவர்களே ரிப்பேர் பார்த்து, மாற்றிக் கட்டியதைக் கற்றுக்கொண்டுதான் தன் வடிவமைப்பைத் தொடங்கினார். ரஃப்ரைடர் என்ற மாடலில் முன்சக்கரம் அகலமான ரப்பர், பின் அச்சுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே தூரமும் அதிகம். குழியில் சிக்காது, குப்புறக் கவிழவும் செய்யாது.

மூட்டுக்கால் | செவ்வாய், இரவு 8.45

வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வேலையிடத்து விபத்து, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) மூலமாகக் கால் கிடைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது ஒருவர் புதுப் பாதம் ஒன்றை நடந்து பார்க்கக் கொடுத்திருக்கிறார், கார்பன் தகடு, நல்ல துள்ளல். நடைமேடையில் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்து நடந்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

நான் அதைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயிலுக்குப் போனேன். வாசலில் காலணியைக் கழற்றணும், இல்லையா? அங்கேதான் வம்பு. செயற்கைப் பாதத்தைச் சப்பாத்தின் குதிகால் உயரத்துக்கு ஏற்ப நிமிர்த்தி வைத்திருப்பார்கள். சப்பாத்தைக் கழற்றியதும் குதிகால் இறங்கிவிடும், தண்டு பின்னால் சாயும், முழங்கால் பின்பக்கமாகத் தள்ளப்படும். பிரகாரம் ஒரு சுற்று வருவதற்குள் தொடை கடுக்கிறது. ஈரத்தரை வேறு. வடிவமைத்தவரிடம் சொன்னேன். "வீட்டுக்குள்ளும் சப்பாத்து போடமாட்டீர்களா?" என்று கேட்டார். மலாய்க்காரர் வீடோ, சீனர் வீடோ, நம் வீடோ, இந்த ஊரில் யார் சப்பாத்தோடு உள்ளே போகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே விடை கண்டவர்கள் ஜெய்ப்பூரில் இருந்தார்கள். 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் செய்த ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு நடக்கவும் குத்துக்கால் போட்டு உட்காரவும் என்றே யோசித்தது. எடையிலும் துள்ளலிலும் கார்பன் பாதம் அதைவிட எத்தனையோ மேல், ஆனால் அதைச் செய்தவர்கள் கோயில் வாசலை நினைக்கவில்லை. குதிகால் உயரத்தை நாமே மாற்றிக்கொள்ளும் பாதங்களும் சந்தையில் உண்டு, விலைதான் மலைக்க வைக்கிறது. நான் இப்போதைக்குக் கோயிலுக்கென்று ஒரு காலுறைக்குள் குதிகால் பக்கம் ரப்பர் துண்டு தைத்து வைத்திருக்கிறேன். வேலை ஆகிறது.

அப்புறம் வியர்வை. முண்டத்தின் (வெட்டியது போக மிச்சமிருக்கும் கால்) மேல் சிலிக்கோன் உறை போட்டு அதற்கு மேல்தான் கால். நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் உறைக்குள் தண்ணீர் கட்டும், கால் கழலப் பார்க்கும். எங்காவது ஒதுங்கிக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டணும். சாயங்காலம் முண்டம் சுருங்கிப் பிடிப்பு தளர்ந்தால் இன்னொரு காலுறை சேர்க்கணும். இதெல்லாம் எங்கே உட்கார்ந்து செய்வது? கடைத்தெருவில் ஒரு பெஞ்சு இருந்தால்தானே. சோதனை மையத்தில் ஏர்கான், பெஞ்சு, துண்டு, உதவிக்கு ஆள் எல்லாம் இருக்கிறது, அதனால் இந்தத் தொல்லை அவர்கள் குறிப்பில் ஏறுவதே இல்லை.

பத்துமலைக்கு வா, 272 படியும் ஏறிக் காட்டு, வீடியோ எடுக்கலாம் என்றார்கள். ஏறுவது பெரிய விஷயமில்லை ஐயா, இறங்குவதுதான். கணுக்கால் மடங்காத காலில் பாதத்தின் முன்பாதியைப் படி விளிம்புக்கு வெளியே நீட்டி உருட்டி இறங்கணும், பத்துமலைப் படியோ குறுகல். வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏறுவதை மட்டும்தான் எடுப்பார்கள்.

காதோரம் | செவ்வாய், இரவு 9.20

மூட்டுக்கால் அண்ணன் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். வீடியோ எடுக்க வருபவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள் போல.

எனக்கு இரண்டு காதிலும் மெஷின், மோட்டாரில் சாப்பாடு டெலிவரி. மெஷினை அமைப்பது சத்தமில்லாத ஒரு அறையில். "கேட்கிறதா?" "கேட்கிறது." வெளியே வந்து ஹெல்மெட்டைப் போட்டால் கீ என்று விசில். மெஷினிலிருந்து வரும் ஒலி ஹெல்மெட்டில் பட்டுத் திரும்பி அதன் மைக்குக்குள்ளேயே போகிறது. சோதனைக்குக் கொடுக்கும்போது நான் முதலில் கேட்பது, "ஹெல்மெட் கொண்டு வரட்டுமா?"

பேட்டரிக்கு ஒரு விஷயம், புதியவர்களுக்கு உதவும். துத்தநாக-காற்றுப் பேட்டரியில் ஸ்டிக்கரை உரித்த உடனே உள்ளே போடாதீர்கள். ஐந்து நிமிடம் காற்றுப் பட வைத்துவிட்டுப் போட்டால் கூடுதல் நேரம் வரும். சிலிக்கா ஜெல் டப்பாவில் இரவு மெஷினை வைக்கலாம், பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு. இந்த ஊர் ஈரத்துக்கு டப்பா இல்லாமல் முடியாது.

கல்யாண வீட்டில் சோதித்ததையும் சொல்லணும். நாதஸ்வரமும் தவிலும் தொடங்கினதும் மெஷின் சத்தத்தை அமுக்கப் பார்த்து, எல்லாமே உடைந்த ஸ்பீக்கரில் கேட்டது. அதற்கு இசைக்கென்று தனி அமைப்பு போட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. சோதனைப் பட்டியலில் "உணவகம்" இருந்தது. மண்டபம் இல்லை.

கெப்போங்_அம்மா | புதன், காலை 11.10

நான் கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கணும். என் மகனுக்குப் பெருமூளை வாதம், பேச்சு வராது. ஆனால் எல்லாம் புரியும். படத்தைத் தொட்டால் பேசும் ஒரு செயலியைச் சோதிக்கக் கொடுத்தார்கள். பேசுவது ஆங்கிலமும் மலாயும். பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்வது என் மாமியார், அவருக்குத் தமிழ்தான். பையன் பட்டனைத் தொடுகிறான், மெஷின் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறது, பாட்டி "என்னப்பா சொல்லுது இது?" என்று என்னை வேலையிடத்துக்கு போன் பண்ணுகிறார்.

படங்களைப் பார்த்தால் ரொட்டி, வெண்ணெய், பனிமனிதன். இட்லி இல்லை, ரொட்டி சானாய் இல்லை, அப்பளம் இல்லை. அப்பளம் இல்லாவிட்டால் என் பையன் சாப்பிடவே மாட்டான். கடைசியில் நல்லவேளையாக, சொந்தக் குரலைப் பதிவு செய்யும் வசதி உள்ளே இருந்தது. அவன் வயதுள்ள என் அக்கா மகனைப் பேசவைத்துப் பதிவு செய்தோம். பெரிய ஆள் குரல் அவனுக்கு ஒட்டவில்லை.

முதல் நாளே நான் கேட்ட பட்டன் "வேண்டாம்". அவர்கள் பட்டியலில் அது மூன்றாவது பக்கத்தில் இருந்தது. "வேணும்", "பசிக்குது", "நன்றி" எல்லாம் முதல் பக்கம். மற்றவர்களைச் சங்கடப்படுத்தாத சொற்களாகப் பார்த்து முன்னால் வைத்திருக்கிறார்கள். ஊட்டும்போது தலையைத் திருப்பித் திருப்பியே வேண்டாம் என்று சொல்லி வந்த பிள்ளை அவன். இப்போது ஒரே தொடுதல், "வேண்டாம்!" என்று கத்துகிறது. பாட்டிக்குத்தான் கோபம்.

வெள்ளைக்கோல் | புதன், இரவு 9.05

கெப்போங் அம்மா விலகவே இல்லை, நடுவில்தான் வந்திருக்கிறீர்கள்.

தமிழ்க் குரல் விஷயத்தில் எங்கள் பாடும் அதுவே. திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) தமிழைப் படிக்கிறது, சரி. ஆனால் எங்கள் தங்கச்சி ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போன் அதை வெள்ளைக்காரன் மாதிரி வாசிக்கும். நடுவில் நாலு மலாய்ச் சொல் வேறு. ஒரு வாக்கியத்துக்குள் மூன்று மொழி பேசுகிற ஊரில் எந்தக் குரலை வைத்தாலும் பாதி போய்விடுகிறது. இதைக் கோலாலம்பூரில் உட்கார்ந்து சோதித்தால் ஒரு காலையிலேயே தெரிந்துவிடும்.

கணினியில் நான் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார், இருவருக்கும் பார்வை கிடையாது. அதற்கு முன் நல்ல திரைவாசிப்பான் என்றால் கணினியைவிட விலை அதிகமாக இருக்கும். இதுவோ இலவசம். சும்மா_பார்ப்பவன் தம்பி, இலவசத்தோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. எழுதியவரே நாள் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார், காலையில் எது எரிச்சல் தந்ததோ அதைச் சாயங்காலம் திருத்தலாம். மற்ற நிறுவனங்களில் என் எரிச்சல் ஒரு படிவமாகி, படிவம் ஒரு கோப்பாகி, கோப்பு எங்கே போகிறது என்றே தெரிவதில்லை.

சும்மா_பார்ப்பவன் | புதன், இரவு 9.31

சரி, சோதனை வீட்டில் நடக்கணும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காசும் கேட்கப் போகிறீர்களா? சின்னக் கம்பெனி என்று நீங்களே சொன்னீர்கள்.

காதோரம் | புதன், இரவு 9.44

அந்தச் சின்னக் கம்பெனி மென்பொருள் எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிறதா, இல்லையா? ஒரு மதியம் நான் மோட்டாரை நிறுத்தினால் அன்றைய வரும்படி போச்சு. டீசட்டையைக் கொடுத்து வாடகை கட்ட முடியுமா?

தெரபிஸ்ட்_பிஜே | புதன், இரவு 10.15

காசில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். பணம் வாங்கிய பிறகு முகத்துக்கு நேரே குறை சொல்லச் சிலர் கூச்சப்படுவார்கள். நம் ஆட்களுக்கு இந்தக் கூச்சம் அதிகம், சாப்பிட்ட வீட்டைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள். பல்கலைக்கழக ஆய்வுகளில் நெறிமுறைக் குழு இதனால்தான் தொகையைப் பார்க்கும். பணமே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும், பாதியில் விலகினாலும், செலவழித்த நேரத்துக்குக் காசு உண்டு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சாதனத்தைச் செய்தவரே எதிரே உட்கார்ந்து கருத்துக் கேட்கவும் கூடாது.

இன்னொன்று. சூரிக் பக்கத்தில் 2016இல் சைபத்லான் என்று ஒரு போட்டி தொடங்கினார்கள். மாற்றுத்திறனாளிகள் புதுத் தொழில்நுட்பச் சாதனங்களைப் போட்டுக்கொண்டு அன்றாட வேலைகளைச் செய்து காட்ட வேண்டும்: துணி காயப்போடுவது, ரொட்டி வெட்டுவது, ஜாடி திறப்பது. மோட்டார் வைத்த கைகள் பல வந்திருந்தன. அந்த ஆண்டு செயற்கைக் கைப் பிரிவில் ஜெயித்தது பாப் ரடோசி என்பவர், மோட்டாரே இல்லாத, தோள் அசைவால் கேபிளை இழுத்து இயக்கும் கொக்கிக் கையோடு. அதை வடிவமைத்தவரும் கையிழந்த அவரேதான். பொறியாளன் தம்பி போன்றவர்கள் அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

பொறியாளன்_ரவாங் | வியாழன், காலை 8.20

பார்த்தேன். ஜாடி மூடியை அவர் பிடித்த வேகம்! கேபிளின் இழுவையிலேயே எவ்வளவு அழுத்துகிறோம் என்று தோளுக்குத் தெரிகிறது, மோட்டார் கையில் அந்த உணர்வு கிடைப்பதில்லை. வெள்ளைக்கோல் அண்ணன் கோல் நுனியைப் பற்றிச் சொன்னது இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. ஒரு யோசனை: உணரியைக் கைப்பிடிக்குள் அடைக்காமல் தனியாக, கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்தால்? உங்கள் பழைய கோல் அப்படியே இருக்கும். அதிர்வை மணிக்கட்டுப் பட்டைக்கு மாற்றிவிட்டால் தண்டு சும்மா இருக்கும். கூம்பையும் குறுக்கலாம், அஞ்சடிக்கு ஒரு அளவு, திறந்த ரோட்டுக்கு ஒரு அளவு.

செந்தூல்_சக்கரம் | வியாழன், காலை 8.41

பார்த்தீர்களா, ஒரு பைசா செலவில்லாமல் ஒரு பொறியாளர் கிடைத்துவிட்டார். தம்பிக்கும் யாராவது சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. நம் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. மீறினால் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை, அரசைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதபடி பாதுகாப்புப் பிரிவு மட்டும் பத்திரமாக இருக்கிறது. 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐநா உடன்படிக்கையில் 20ஆம் பிரிவு, நடமாட உதவும் சாதனங்களைத் தயாரிப்பவர்கள் மாற்றுத்திறனாளிகளின் நடமாட்டத்தை எல்லாக் கோணத்திலும் கணக்கில் எடுக்க ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. ஊக்குவிப்பதுதான், கட்டாயம் இல்லை. ஆகவே நிபந்தனையை நாம்தான் எழுதிக்கொள்ளணும்.

வெள்ளைக்கோல் | வெள்ளி, இரவு 8.30

எல்லாருடையதையும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டேன். கோலை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், மழைக்காலமும் ஒரு பண்டிகைக் கூட்டமும் அதற்குள் வர வேண்டும். கருத்தைப் படிவத்தில் இல்லாமல் தமிழில் குரல்பதிவாக அனுப்புவேன். நேரத்துக்குக் காசு, கிராப் வாடகைக் காருக்கான செலவு தனி. விழுந்து அடிபட்டால் மருத்துவச் செலவு அவர்களுடையது. என் படத்தை நான் சரி என்று சொல்லாமல் போடக் கூடாது. நான் சொன்னதில் எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை, ஏன் என்று எழுதித் தர வேண்டும். சோதனை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது என்பதையும் சேர்த்தேன், கை பழகிய பிறகு பிடுங்கினால் பழையபடி நடக்கத் தனியாகப் பழக வேண்டியிருக்கும்.

இன்று பதில் வந்தது. வீட்டுக்குக் கொடுப்பது, காசு, மருத்துவச் செலவு, படம் எல்லாம் சரியாம். தமிழ்க் குரல்பதிவுக்கு ஆள் தேட வேண்டும் என்கிறார்கள். எதை மாற்றவில்லை என்று எழுதித் தருவதற்குத்தான் தயங்குகிறார்கள், "உள் விவரம்" என்று ஒரு சாக்கு. அதில் நான் விடுவதாக இல்லை. கழற்றி மாட்டும் உணரி யோசனையைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பிறகு "அந்தப் பொறியாளர் யார்?" என்று கேட்டார்கள். தம்பி, உன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பு, கொடுக்கலாமா என்றும் சொல்.

மூட்டுக்கால் | வெள்ளி, இரவு 8.52

குரல்பதிவைக் கேட்டு எழுதித் தர என் மகள் இருக்கிறாள், பள்ளியில் ஆறாம் படிவத்தில் (ஃபார்ம் சிக்ஸ்) படிக்கிறாள், தமிழ் நன்றாக எழுதுவாள். அவளுக்கும் காசு கொடுக்கணும், சொல்லிவிடுங்கள்.

பொறியாளன்_ரவாங் | வெள்ளி, இரவு 9.03

அனுப்பிவிட்டேன் அண்ணே, கொடுக்கலாம். கோலில் எந்த நுனி போட்டிருக்கிறீர்கள், பென்சில் நுனியா, உருளும் நுனியா? மாட்டும் இடத்தின் விட்டத்தையும் தங்கச்சியிடம் அளக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைக்கோல் | வெள்ளி, இரவு 9.10

உருளும் நுனி. விட்டத்தை நானே அளப்பேன், தொட்டுப் பார்க்கும் அளவுகோல் வீட்டில் இருக்கிறது. நாளைக்குப் போடுகிறேன்.